ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த வெண்கலம்

காலில் நீண்ட மரப்பட்டைகளைக் கட்டிக்கொண்டு, பனி மூடிய மலைச்சரிவில் வேகமாய் வழுக்கி வந்து, சரிவின் விளிம்பிலிருந்து ஆகாயத்தில் தாவி வெகுதூரத்திற்கு அப்பால் இறங்குவது பனர்த்தாவல் எனப்படும் விளையாட்டு. பனியைப் படத்தில் மட்டுமே கண்ட நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். நார்வே நாட்டு மக்களுக்கோ அது பிறப்போடு வந்த கலை.

அந்நாட்டின் டெலிமார்க் பகுதியில் 1888 ஆம் ஆண்டு பிறந்தவர் ஆண்டர்ஸ் ஹவ்கன். இளமையிலேயே சகோதரர் லார்ஸுடன் அமெரிக்கா சென்று குடியேறினார். கொலராடோ மாநிலத்தின் தில்லன் என்னும் ஊரில் 1919 இல் அவர் தாவிய தூரம் 213 அடி. அந்நாளில் அது உலக சாதனை.

1924 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஷமோனி நகரில் முதலாவது குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. அமெரிக்கக் குழுவின் தலைவராகச் சென்ற ஹவ்கன், 50 மீட்டர் தாவினார். அன்று போட்டியில் அதனை மிஞ்சியவர் எவருமில்லை. ஆனால் இப்போட்டியில் தூரம் மட்டும் போதாது. தாவும் அழகுக்கும் நடுவர்கள் மதிப்பெண் இடுவர். அழகில் ஹவ்கனுக்குக் குறைவாகவே கிடைத்தது. முதலிரு இடங்களை நார்வேயின் தாம்ஸும் போன்னாவும் பெற்றனர். மூன்றாவது, அதே நாட்டின் தோர்லைப் ஹவ்க். (பெயர்கள் ஒத்திருப்பதால் வாசகர்கள் மயங்க வேண்டா.) நம் ஹவ்கன் நான்காவதாக நின்று, வெறுங்கையோடு திரும்பினார்.

ஹவ்க் சாதாரண வீரரல்லர். அதே பந்தயங்களில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றவர். 1934 இல் நிமோனியாக் காய்ச்சலால் நாற்பது வயதிலேயே காலமானார்.

ஆண்டுகள் ஐம்பது உருண்டன. 1974 இல், ஷமோனியில் தாமும் பரிசு பெற்றவரான தோரால்ப் ஸ்ட்ரோம்ஸ்டாட் என்னும் முதியவர் பழைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்தபோது, ஒரு கணக்கு இடறியது. ஹவ்க்கிற்கு 18.000 என எழுதப்பட்டிருந்தது. கூட்டிப் பார்த்தால் வருவதோ 17.821 தான். ஹவ்கனுடையது 17.916. வரலாற்றாசிரியர் யாகோப் வோகேயும் சரிபார்த்து, பிழை மெய்யே என்றார். தம் நாட்டானுக்கு ஆதாயமான பிழையைத் தாமே வெளிக்கொணர்ந்த அந்த நார்வேக்காரரை நாம் வியவாதிருக்க முடியவில்லை. ஐம்பது ஆண்டுகளாக எவரும் கேட்காத கணக்கு. அவர் வாளாவிருந்திருந்தால் எவருக்குத் தெரிந்திருக்கும்?

எஞ்சியது கடினமான காரியம். பதக்கம் பெற்றவர் கல்லறையில் உறங்குகிறார். அவர் செய்த குற்றம் ஏதுமில்லை. தந்தையின் நினைவாக வீட்டில் போற்றி வைத்ததை எடுத்துக் கொடுக்க எந்த மகளுக்கு மனம் வரும்? ஆயினும் 1974 செப்டம்பர் மாதம் ஆஸ்லோ நகரில், ஹவ்க்கின் மகளே அந்த வெண்கலத்தை 85 வயது ஹவ்கனின் கையில் ஒப்படைத்தார். தந்தையின் மூன்று தங்கங்கள் அவருக்கே உரியனவாய் நிலைத்தன.

ஹவ்கன் அதற்காக ஏங்கிக் காத்திருந்தவர் என்று எண்ணிவிடலாகாது. பிழை நேர்ந்ததே அவருக்குத் தெரியாது. 1928 இல் மீண்டும் ஒலிம்பிக்கில் தாவினார். பிற்காலத்தில் கலிபோர்னியாவில் சிறுவர்களுக்குப் பனிச்சறுக்கு கற்பித்தார். தாய்நாட்டில் பெற்ற அந்தப் பதக்கத்தோடு மேலும் ஒன்பதரை ஆண்டுகள் வாழ்ந்து, 1984 ஏப்ரலில், 95 ஆம் வயதில் கண்மூடினார்.