இமைக்கும் உதவும் கண்தானம்



கண் இமை இரண்டு அடுக்கு கொண்டது. வெளியே தோலும் தசையும். உள்ளே சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனில் விறைப்பான தகடும், அதை ஒட்டிய வழவழப்பான சவ்வும். விபத்திலோ, புற்றுக்கட்டியை அகற்றும்போதோ இமையில் பெரும்பகுதி போய்விட்டால் கண்ணை மூட முடியாது. கருவிழி காய்ந்து புண்ணாகி, பார்வையே பறிபோகலாம்.

அதனால் மருத்துவர்கள் இரண்டு அடுக்கையும் தனித்தனியே அமைக்கிறார்கள். வெளித்தோலுக்குக் காதின் பின்புறத் தோல். உள்தகட்டுக்குக் காதுக் குருத்தெலும்பு அல்லது மேல் அண்ணச் சவ்வு. தானமாக வந்த கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பதப்படுத்தி வைத்து, உள்தகடாகத் தைப்பதும் உண்டு. இப்படி வேறிடத்திலிருந்து எடுத்து வைக்கும் ஒட்டுத்திசுவுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே ஓர் அடுக்காவது ரத்தக்குழாயோடு பக்கத்திலிருந்து நகர்த்தப்பட்ட திசுவாக இருக்க வேண்டும்.

தேனி மாவட்டம் ராசிங்காபுரம், போடி பக்கத்து மக்கள் கவனிக்க: வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் கண்கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ, இமைமுடி உதிர்ந்தாலோ சாம்பிராணிப் புகையும் நாமக்கட்டிப் பற்றும் போதாது, அது புற்றாகவும் இருக்கலாம்; கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் கிளை இருக்கிறது.

இமை சீரமைப்புக்கும் உதவும் கண்தானத்தை, வீட்டில் ஒருவர் இறந்தால் 6 மணி நேரத்துக்குள் செய்யலாம். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, உடனே கண் வங்கிக்குச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, புரை அறுவை செய்தவர் எல்லோரும் கொடுக்கலாம்.