ஈர் பேனாகும் கணக்கு

பேனுக்கு இறக்கை இல்லை. தாவவும் தெரியாது. எள்ளளவு உடம்பு, ஆறு கால்கள், ஒவ்வொரு கால் நுனியிலும் முடியைக் கவ்விக்கொள்ள ஒரு கொக்கி. தரையில் விட்டால் தடுமாறும் இந்தப் பூச்சி, முடியில் விறுவிறுவென்று ஏறும். அதனால் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போக அதற்குள்ள முக்கிய வழி, இரண்டு தலைகளும் உரசிக்கொள்வதுதான்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேன் அதிகம் இருப்பது இதனால்தான். ஒரே புத்தகத்தின் மேல் நான்கு தலைகள் குனியும் வயது அது. பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருகிறது. நீளமான முடி மட்டும் காரணமல்ல. அவர்கள் நெருங்கி உட்கார்ந்து விளையாடுவதும் ஒரு காரணம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஒரே பாயில் படுக்கும் வீட்டிலும் விடுதியிலும் பேன் எளிதாகப் பரவும். சீப்பு, ரிப்பன், துண்டு வழியாகவும் வரலாம் என்றாலும் அது குறைவு. ரத்தம் கிடைக்காவிட்டால் தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும்.

அழுக்குத் தலையில்தான் பேன் வரும் என்பது தவறு. தினமும் குளிக்கும் தலையின் ரத்தமும் அதற்கு ஒன்றுதான். தண்ணீரில் மூழ்கினாலும் சுவாசத் துளைகளை மூடிக்கொண்டு சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஏழை வீடுகளில் பேன் கூடுதலாக இருந்தால் அதற்குக் காரணம் இட நெருக்கடியும், மருந்து வாங்கப் பணமோ சீவிவிட நேரமோ இல்லாததும்தான்.

பெண் பேன் ஒரு நாளைக்கு எட்டு ஈர் வரை இடும். தலைத் தோலை ஒட்டி, பசை போன்ற ஒரு சுரப்பால் முடியோடு ஒட்டிவிடும். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள். குஞ்சு வளர்ந்து முட்டையிடத் தயாராக இன்னும் 9 முதல் 12 நாள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், தோலிலிருந்து வெகுதூரத்தில் தெரியும் ஈர் பெரும்பாலும் பொரித்த வெறும் கூடுதான்.

மருந்து போடும்போது இந்த நாள்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பெர்மெத்ரின் போன்ற மருந்துகள் பேனைக் கொல்லும், ஈரை முழுவதும் கொல்லாது. அதனால்தான் சுமார் 9 நாள் கழித்து மறுமுறை போடச் சொல்கிறார்கள். அதற்குள் மிச்சமிருந்த ஈர்கள் பெரும்பாலும் பொரித்திருக்கும். குஞ்சுகள் முட்டையிடத் தொடங்கியிருக்காது. முதல் தடவையோடு விட்டுவிட்டு, “மருந்து கேட்கவில்லை” என்று சொல்பவர்களும் உண்டு. பல நாடுகளில் பேன்கள் பெர்மெத்ரினுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதும் உண்மை. மருந்து கேட்காவிட்டால் மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்கலாம். மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும் தலைக்கு ஆகவே ஆகாது. தீ விபத்துக்கும் நஞ்சேறுவதற்கும் அவை வழி.

பேன் சீப்பு மிகப் பழைய கருவி. இஸ்ரேலின் லாக்கீசில் 2016இல் கிடைத்த தந்தச் சீப்பு சுமார் 3,700 ஆண்டு பழையது. ஒரு பக்கம் சிக்கெடுக்கத் தடித்த பற்கள், மறுபக்கம் பேன் எடுக்க நெருக்கமான பற்கள். ஒரு பல்லில் பேன் குஞ்சின் எச்சமும் இருந்தது. இன்றும் தலையை நனைத்து, எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாரம் வேரிலிருந்து நுனிவரை சீவினால் பலன் கிடைக்கும்.

பேனோடு சேர்த்துப் பேசப்படும் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது தலைப்பேன் அல்ல, அதன் நெருங்கிய உறவான உடற்பேன். தலைப்பேனால் வருவது அரிப்பும், கெட்ட தூக்கமும், சொறிந்த இடத்தில் புண்ணும்தான். பேன் எச்சிலுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமையே அரிப்பு. முதல்முறை பேன் ஏறினால் அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகலாம். பிள்ளை சொறியத் தொடங்கும்போது, பக்கத்தில் உட்காருபவர்களின் தலைக்குப் பேன் ஏற்கெனவே போயிருக்கலாம். அதற்குமேல் பிள்ளையைப் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பிப் பயனில்லை என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடும். வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பார்ப்பதும், பிள்ளையோடு விளையாடும் பிள்ளைகளின் அம்மாக்களிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுவதும்தான் பயன் தரும்.