விட்ட இடத்திலிருந்து
பள்ளிக்கூடம் போன பாதை – 14

போன வாரம் 1939-ல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறில் வந்து இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் நெல் விளையும் பக்கம் போவோம். கூத்தாநல்லூருக்கு.

திருவாரூர் மாவட்டத்தில் இந்த ஊரைச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்பார்கள். வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் சம்பாதித்த ஊர். ஊரைத் தாண்டினால் வயல். பள்ளிக்கூட நேரத்துக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் தொப்பியும் முக்காடுமாக மதரஸாவுக்குக் குர்ஆன் ஓதப் போவார்கள். உள்ளே ஒரு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். இருபது பிள்ளை இருந்தால் இருபது பாடம் நடக்கும். தம்பி அலிஃப், பே-யில் இருப்பான். பக்கத்திலேயே அக்கா குர்ஆனில் பாதி தாண்டியிருப்பாள். ஒவ்வொருவராக, ஓதிக்கொடுக்கிற அசரத்து முன்னால் வந்து நேற்றைய பாடத்தை ஓதிக் காட்ட வேண்டும். தட்டாமல் ஓதினால் அடுத்த பாடம். தட்டினால், “நாளைக்கும் இதையே ஓதிட்டு வா.” பாஸ், ஃபெயில் கிடையாது. ஓதி முடித்த அன்றைக்கு வீட்டில் இனிப்பு.

ஒரு பாடம் முழுசாக வந்த பிறகே அடுத்தது என்பதை அமெரிக்காவின் பெஞ்சமின் புளூம் 1968-ல் ஒரு கொள்கையாகவே எழுதினார். அசரத்துக்குப் புளூமைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

திண்ணைப் பள்ளியும் ஏறக்குறைய இப்படித்தான். மணலில் விரல் தேய்ந்து எழுத்து படிந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடியில் ஒரு வாய்பாடு மனப்பாடமானால் அடுத்தது. கலமும் மரக்காலுமாக நெல் அளக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு நெல்லிலக்கம் தனிப் பாடம். சின்னப் பிள்ளைகளை, மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணல் எழுத்தையும் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பதையும் 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட, அங்கே அதற்குப் பெயரே ‘மெட்ராஸ் முறை’. இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல நான் தயாரில்லை. பிரம்படி தாராளம், சேரிப் பிள்ளைக்குத் திண்ணையில் இடமே இல்லை.

பிறகு வகுப்பு வந்தது, மணி வந்தது, பரீட்சை முடிவைப் பார்த்து மானியம் தருகிற இன்ஸ்பெக்டர் வந்தார். எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே பக்கம். நடவுக்கு அம்மாவோடு போய் பத்து நாள் விட்ட பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு பத்துப் பக்கம் தாண்டியிருக்கும். அந்தப் பத்துப் பக்கம் அதற்கு விட்டது விட்டதுதான்.

இந்த ஓட்டையைத்தான் செயல்வழிக் கற்றல் அடைக்கப் பார்த்தது. மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமா ராவும் கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறை அது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கினார். 2007-ல் மாநிலம் முழுக்க, 37,000-க்கும் மேற்பட்ட அரசு, உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில், ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை வந்துவிட்டது.

சுவரில் ஏணி மாதிரி ஒரு படம். படிக்குப் படி ஒரு சின்னம், ஓர் எண். பிள்ளை தான் நிற்கிற படியைப் பார்த்து, அதே சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். டீச்சர் முழுக்கச் சொல்லித்தர வேண்டிய அட்டை என்றால் டீச்சரோடு பாயில்; கூடப் படிக்கிறவர் உதவி போதுமென்றால் வேறு குழு; தனியே செய்வதென்றால் இன்னொன்று; கடைசியில் மதிப்பீட்டு அட்டை. மொத்தம் ஆறு குழு. சுவரின் கீழ்ப்பாதி முழுக்கக் கரும்பலகை, உட்கார்ந்தபடி எழுதுகிற உயரத்தில். வரைந்த படமெல்லாம் தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும். நடவுக்குப் போன பிள்ளை வந்து அதே படியில் அதே அட்டையை எடுக்கும். என்னைக் கேட்டால், முறையின் உயிர் இதுதான். மற்றதெல்லாம் அலங்காரம்.

அலங்காரம்தான் அதிகாரிகள் கண்ணுக்குப் பட்டது. பந்தல் கட்டியாச்சா, பாய் வாங்கியாச்சா என்று பார்த்தார்கள். கிழிந்த அட்டைக்கு மாற்று அட்டை சட்டென்று வராது. நாலு வகுப்புக்கும் சேர்த்து இரண்டே டீச்சர் என்றால் ஆறு குழுவை எப்படிச் சுற்றி வருவது? “புத்தகத்தைத் தொடாம என்ன படிப்பு?” என்று பெற்றோர் கேட்டார்கள். 2012-ல் முப்பருவ முறையோடு புத்தகம் மறுபடி முன்னால் வர, ஏணி மெல்லப் பின்னுக்குப் போனது.

கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல் வந்தது ‘எண்ணும் எழுத்தும்’. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் எட்டியிருக்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்பட்டார்கள். அடுத்த வருடம் நான்கும் ஐந்தும் சேர்ந்தன. அடிப்படை அதே பழையதுதான். அட்டைக்குப் பதில் பயிற்சி நூல். மதிப்பீட்டைச் செல்போனில் ஏற்றுகிற வேலையும் டீச்சர் தலையில் விழுந்தது. அசரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்தப் பிள்ளை எந்த வரியில் நிற்கிறது என்பது அவர் மனசிலேயே இருக்கும். முப்பது பிள்ளைக்கு ஒரு டீச்சரை நிம்மதியாக உட்காரவிட்டால் அவர் மனசிலும் இருக்கும்.

2007-ல் ஒன்றாம் வகுப்பில் அந்தப் பாயில் உட்கார்ந்தவர்கள் இன்று இருபது வயதைத் தாண்டியவர்கள். உங்களில் யாராவது இதைப் படித்தால், எந்தப் படியில் அதிக நாள் நின்றீர்கள், யார் கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

(தொடரும்)