பழைய பேஸ் கிட்டார் வாங்கப்போறீங்களா? முதல்ல பிக்கப்பைத் திருப்பிப் பாருங்க!

1972 அக்டோபரில், லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் நின்றிருந்த ஒரு வேனிலிருந்து ஒரு பேஸ் கிட்டார் திருடுபோனது. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் அது. ஐம்பது வருஷம் கழித்து, 2024 பிப்ரவரியில்தான் 'கிடைத்துவிட்டது' என்ற அறிவிப்பு வந்தது. சரி, அதே மாடல் ஹோஃப்னர் உலகத்தில் எத்தனையோ இருக்கும்போது, அதைத் தேடியவர்கள் எதை அடையாளமாக வைத்துத் தேடினார்கள்?

பிக்கப்தான் முக்கியமான தடயம். 1961 ஹோஃப்னரில் இரண்டு பிக்கப்பும் கழுத்துப் பக்கம் நெருக்கமாக இருக்கும். மெக்கார்ட்னி அடுத்து வாங்கிய 1963 மாடலில் ஒன்று கழுத்துப் பக்கம், இன்னொன்று பிரிட்ஜ் பக்கம். அதோடு, 1964-ல் பழைய ஹோஃப்னரைப் பழுதுபார்த்தபோது இரண்டு பிக்கப்பையும் சேர்த்து ஒரே மரச்சட்டத்தில் பொருத்திவிட்டார்கள். அப்படியொரு சட்டம் ஃபேக்டரியிலிருந்து வரும் ஹோஃப்னரில் கிடையாது.

மெக்கார்ட்னி அளவுக்கு வேண்டாம். ஆன்லைனில் '1962 ஜாஸ் பேஸ், ஆல் ஒரிஜினல்' என்று ஒரு போட்டோ கண்ணில் படுகிறது, விலையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 'ஆல் ஒரிஜினல்' உண்மையா என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு வார்த்தை விளையாட்டைப் புரிஞ்சுக்கணும். 'ஒரிஜினல்' என்றால் அந்த கிட்டாரோடு ஃபேக்டரியில் பிறந்த பார்ட். 'அந்தக் காலத்து பார்ட்' என்றால் அதே வருஷத்து வேறொரு கிட்டாரில் இருந்து கழற்றி இதில் போட்டது. இரண்டாவது ஒன்றும் மோசடி கிடையாது. சத்தமும் ஏறக்குறைய அதேதான் வரும். ஆனால், விலை ஒன்றில்லை. விற்பவர் இரண்டாவதைச் சொல்லிவிட்டு முதலாவதின் விலையைக் கேட்டால், அங்கேதான் நீங்கள் உஷாராகணும்.

இனி ஃபெண்டருக்கு வருவோம். பழைய பேஸ் சந்தையில் அதிகம் அடிபடும் பெயர் அதுதான். பிரிசிஷன் பேஸ் 1951-ல் வந்தது. அப்போது அதில் ஒரே பிக்கப், ஒரு ஸ்ட்ரிங்குக்கு ஒரு காந்தம். 1957-ல் அதை இரண்டு துண்டாக்கினார்கள். ஒரு துண்டு ஈ, ஏ ஸ்ட்ரிங்குகளுக்கு, மற்றது டி, ஜி ஸ்ட்ரிங்குகளுக்கு. ஒரு ஸ்ட்ரிங்குக்கு இரண்டு காந்தம். இரண்டு துண்டிலும் சுற்றும் காந்த முனையும் எதிரெதிராக இருப்பதால், 'ம்ம்ம்' என்று வரும் கரன்ட் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். ஜாஸ் பேஸ் 1960-ல் வந்தது, இரண்டு நீள பிக்கப்போடு. முதல் இரண்டு வருஷம் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குமிழ்கள். 1962-லிருந்து நமக்குப் பழக்கமான மூன்று குமிழ் வந்துவிட்டது. இவ்வளவும் வெளியே தெரிவது. அதனால் போலி செய்பவர்களுக்கும் இது அத்துப்படி.

உள்ளேதான் கதை இருக்கிறது.

பிக்கப்பை மெதுவாகத் தூக்கித் திருப்பினால், அடியில் ஒரு ஃபைபர் தகடு தெரியும். 1964 வாக்கில் ஃபெண்டர் இந்தத் தகட்டைக் கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாற்றியது. பல பிக்கப்களில் தேதியைக் கையால் எழுதியோ முத்திரை குத்தியோ வைத்திருப்பார்கள். 1962 என்று சொல்லப்படும் கிட்டாரில் சாம்பல் தகடு இருந்தால், கேள்வி கேட்கவேண்டிய இடம் அது. அடுத்து ஒயர். அந்தக் காலத்து ஒயர் துணி சுற்றியது, மெழுகு பூசியது. பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் 1968 வாக்கில்தான் வருகிறது. ஆக, 1962 கிட்டாருக்குள் பளபளப்பான பிளாஸ்டிக் ஒயர் எட்டிப் பார்த்தால், யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அப்போ துணி ஒயரும் கறுப்புத் தகடும் இருந்தால் ஓகேவா? அவசரப்படாதீங்க. 1982-லேயே ஃபெண்டர் '57, '62 மாடல்களைப் பழைய பாணியிலேயே மறுபடி தயாரித்து விட்டது. துணி ஒயர் எல்லாம் அதிலும் உண்டு. அந்த பிக்கப்களுக்கே இன்றைக்கு நாற்பது வயதுக்கு மேல். அழுக்கும் துருவும் அவற்றிலும் நிஜமாகவே ஏறியிருக்கும். இது போதாதென்று, புதுசையே பழசாக்கி விற்கும் தொழிலும் ஜோராக நடக்கிறது. அதனால் தனியாக ஒரு பார்ட்டை நம்பக் கூடாது. பக்கத்தில் இருப்பது அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும்.

அதற்கு நல்ல சாட்சி வால்யூம் கண்ட்ரோல். குமிழுக்கு அடியில் இருக்கும் அந்த உருண்டை உலோக டப்பாவின் மேல் ஓர் எண் பொறித்திருக்கும். உதாரணமாக 304-6134. முதல் மூன்று இலக்கம் கம்பெனி. 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். அடுத்த இரண்டு வருஷம், கடைசி இரண்டு வாரம். ஆக இது 1961-ன் 34-வது வாரம். அந்த டப்பா செய்யப்பட்ட தேதிதான் இது, கிட்டார் செய்யப்பட்ட தேதி இல்லை. கண்ட்ரோல் ஒரிஜினலாக இருந்தால், கிட்டார் அதைவிடப் பழசாக இருக்க முடியாது. ஆனால் எவ்வளவு புதுசாகவும் இருக்கலாம். ஃபெண்டர் 1966-ல் இவற்றை மொத்தமாக வாங்கிக் குவித்ததால், 1969 கிட்டாரில்கூட 1966 எண் இருப்பது சாதாரணம். இதைத் தெரியாமல் நல்ல கிட்டாரைப் போலி என்று ஒதுக்கினவங்களும் உண்டு.

எண்ணைவிட நான் அதிகம் நம்புவது அதன் முதுகில் இருக்கும் சால்டரை. பிக்கப் ஒயர் வந்து சேரும் இடத்தில் ஈயம் மங்கி, ஒரே பொட்டாக, சுற்றிலும் இருக்கும் தூசியோடு ஒட்டிப்போய் இருந்தால் நிம்மதி. ஒரு பொட்டு மட்டும் பளிச்சென்று இருந்தாலோ, பழைய பொட்டின் மேல் இன்னொன்று ஏறியிருந்தாலோ, ஒயரை யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கள். சும்மா ஒரு ரிப்பேராகவும் இருக்கலாம். 'தெரியாது' என்று பதில் வந்தால் விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நெக் பிளேட்டில் இருக்கும் சீரியல் நம்பரைக் காட்டி சமாளிப்பார்கள். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் அந்தத் தகடு கையோடு வந்துவிடும். அதை ஆதாரமாக எடுத்துக்காதீங்க.

கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. பழைய பிரிசிஷன் பிக்கப் பொதுவாக 10 முதல் 11 கிலோ ஓம், ஜாஸ் பிக்கப் ஒவ்வொன்றும் 7 முதல் 8 கிலோ ஓம் அளவில் காட்டும். வெகுவாக விலகினால், மறுபடி சுற்றியதாகவோ வேறு பிக்கப்பாகவோ இருக்கலாம். மீட்டரில் எதுவுமே வரவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பிரிசிஷனில் இரண்டு துண்டையும் ஒரு சின்ன காம்பஸால் சோதியுங்கள். எதிரெதிர் முனை காட்டணும். ஒரே முனை காட்டினால், ஒரு துண்டு வேறெங்கிருந்தோ வந்தது என்று சந்தேகப்படலாம். போனில் இருக்கும் காம்பஸ் ஆப் வேண்டாம், காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அதன் சென்சார் குழம்பிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். பிக்கப்பில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் தடிமன் 0.06 மில்லிமீட்டர் அளவுதான். தலைமுடி மாதிரி. அறுபது வருஷத்து பிளாஸ்டிக் மூடி சில சமயம் சுருளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 'என்னதான் இருக்குன்னு பார்ப்போமே' என்று இழுத்தால் கம்பி போச்சு. நீங்கள் எதைத் தேடினீர்களோ, அதை நீங்களே அழித்த மாதிரி ஆகிவிடும். மூடி இலகுவாக வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். அடித்தகடும் ஒயரும் சால்டரும் சொல்வதே போதும்.

ஆன்லைனில் வாங்குபவர் என்றால் கிட்டார் மேல் கைவைக்கவே முடியாது, போட்டோதான். அதனால் நான்கு போட்டோ கேளுங்கள்: பிக்கப்பின் அடிப்பக்கம், பிக்கப் உட்காரும் குழி, கண்ட்ரோல் எண், சால்டர் பொட்டுகள். ஃபில்டர் இல்லாமல், பகல் வெளிச்சத்தில். குழியை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், 1970-களில் பலர் டிமார்ஸியோ மாதிரி சத்தம் அதிகம் தரும் பிக்கப்களுக்கு மாறினார்கள், பிரிசிஷனில் கூடுதலாக ஒரு ஜாஸ் பிக்கப் வைக்க மரத்தையே குடைந்தார்கள். பிக்கப்பை மாற்றிவிடலாம். குடைந்த மரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வாசிக்க மட்டும்தான் வாங்குறீங்கன்னா, என்னைக் கேட்டால், மறுபடி சுற்றிய பிக்கப் உள்ள பழைய கிட்டார்தான் லாபம். கலெக்டர்கள் ஒதுங்கிவிடுவதால் விலை இறங்கியிருக்கும், மரமும் கழுத்தும் அதே பழசு. விற்பவரிடம் கடைசியாக இதையும் கேட்டு வையுங்கள்: "பாஸ், கழற்றின பழைய பிக்கப் கேஸ் உள்ளே எங்கயாவது கிடக்குதா?" மாற்றினவர்கள் பழசைத் தூக்கிப்போட மனசு வராமல் கேஸ் பெட்டியின் சின்ன அறைக்குள் போட்டுவைப்பது உண்டு. விற்கும் ஆளே அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்.