காஸ்கேடியா நிலநடுக்கம் (1700)

காஸ்கேடியா நிலநடுக்கம் என்பது 1700ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று இரவு சுமார் 9 மணிக்கு வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஏற்பட்ட மாபெரும் நிலநடுக்கம் ஆகும். இதன் அளவு ஏறத்தாழ 9 என மதிப்பிடப்பட்டுள்ளது. அன்று அந்தக் கரையில் இதை எழுதிவைத்தவர் எவரும் இல்லை. நிலநடுக்கத்தைப் பதியும் கருவியும் உலகில் எங்கும் இல்லை. அப்படியிருக்க, நாளும் மணியும் எப்படித் தெரிந்தன? புவியின் கடந்த காலத்தைக் கணிக்கும் முறைகளை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தட்டுகளின் நகர்வு

புவியின் மேற்பகுதி ஒரே ஓடு அன்று. பெரிதும் சிறிதுமான பல தட்டுகளாகப் பிரிந்துள்ளது. இத்தட்டுகள் உருகிய குழம்பின்மேல் மிதக்கின்றன என்று நானும் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். அது சரியன்று. கீழேயுள்ள கவசம் பெரும்பாலும் திடப்பொருள்தான். ஆனால் மிகுந்த வெப்பத்தால் அது நீண்ட காலப்போக்கில் மெல்ல மெல்ல இழைந்து நகர்கிறது.

பசிபிக் கடலடியில் உள்ள ஜுவான் டி ஃபூக்கா என்ற சிறு தட்டு, வட அமெரிக்கத் தட்டுக்குக் கீழே ஆண்டுக்கு 3 முதல் 4 செ.மீ. வேகத்தில் நுழைந்துகொண்டிருக்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகமும் ஏறக்குறைய இதுவே. கலிபோர்னியாவின் வடபகுதியிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை, 1,000 கி.மீ. நீளத்துக்கு இந்த எல்லை செல்கிறது. இதற்குக் காஸ்கேடியா மண்டலம் என்று பெயர்.

இரு தட்டுகளும் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் சிக்கலே இல்லை. உராய்வினால் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. மேசை விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலைப் பிடித்து வளைத்துப் பாருங்கள். கைவிடும் வரை அது வளைந்தே நிற்கும், விட்டதும் துள்ளும். அதுபோல மேல்தட்டின் கடலோர முனை கீழே இழுபட, அதன் பின்னாலுள்ள கரை சற்றே புடைத்து எழுகிறது. பூட்டு விடுபடும் நொடியில் முனை மேலே துள்ளிக் கடல்நீரைத் தூக்குகிறது. கரையோ சட்டெனத் தாழ்கிறது. ஆண்டுக்கு 3 அல்லது 4 செ.மீ. என்றால் 500 ஆண்டுகளில் எவ்வளவு சேரும்? 15 முதல் 20 மீட்டர்.

புதைந்த புல்வெளி

1980கள் வரை இந்த அபாயம் உறுதியாகத் தெரியாது. ஐரோப்பியர் குடியேறிய பின் எழுதப்பட்ட இரு நூற்றாண்டு வரலாற்றில் அங்கே இந்த எல்லையில் ஒரு பெரு நிலநடுக்கமும் இல்லை. எனவே இங்குத் தட்டுகள் ஓசையின்றி வழுக்குகின்றன என்று கருதியவர்களும் இருந்தனர். சியாட்டில், போர்ட்லாந்து, வான்கூவர் முதலிய நகரங்களின் கட்டடங்கள் அளவு 9 நிலநடுக்கத்தை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. ஆகவே இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வியாக இருக்கவில்லை.

பிரயன் அட்வாட்டர் என்ற புவியியலாளர் சிறு படகிலும் மண்வெட்டியுடனும் வாஷிங்டன் மாநிலக் கழிமுகங்களில் தேடினார். ஓதம் வற்றும்போது தெரியும் ஆற்றங்கரைச் சேற்றை வெட்டிப் பார்த்தபோது, அடியில் ஒரு பழைய புல்வெளியின் கரிய மண் இருந்தது. அதன்மேல் கடலிலிருந்து வந்த மணல், அதற்கும் மேல் ஓதச்சேறு. நிலம் மெதுவாகத் தாழ்ந்திருந்தால் புல்வெளி படிப்படியாகச் சேறாக மாறியிருக்கும். இங்கே இரண்டுக்கும் இடையே கத்தியால் வெட்டியது போன்ற கோடு. நிலம் ஒரு மீட்டருக்கு மேல் திடீரெனத் தாழ்ந்து, உடனே ஆழிப்பேரலை வந்து மணலை விரித்துப் போயிருக்கிறது. 1987இல் அட்வாட்டர் இதை வெளியிட்டார்.

அது எப்போது?

முதலில் கதிரியக்கக் கார்பன் முறை. உயிருள்ளவரை செடியில் கார்பன்-14 புதுப்பிக்கப்படுகிறது. இறந்தபின் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. எஞ்சியதை அளந்தால் இறந்த காலம் தெரியும். புதைந்த தாவரங்கள் 1700ஐ ஒட்டிய சில பத்தாண்டுகளைக் காட்டின. அதற்குமேல் துல்லியம் கிடைக்கவில்லை.

அடுத்து மர வளையங்கள். கோபாலிஸ் என்ற ஆற்றின் முகத்தருகே, உப்புநீர் ஏறிச் செத்த செஞ்சீடார் மரங்கள் இன்றும் மொட்டையாக நிற்கின்றன. பேய்க்காடு என்றே அதைச் சொல்கிறார்கள். அகலமும் குறுகலுமாக மாறிவரும் வளைய வரிசையை, அருகில் உயிரோடிருக்கும் முதிய மரங்களின் வரிசையோடு பொருத்தினால் ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அடிமரங்களின் வெளி வளையங்கள் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து போயிருந்தன. எனவே ஆய்வாளர்கள் சேற்றுக்குள் பட்டையோடு பத்திரமாக இருந்த வேர்களைத் தோண்டி எடுத்தனர். கடைசி வளையம் 1699ஆம் ஆண்டுக்குரியது. அது முழுமையாக வளர்ந்திருந்தது. 1700இன் வளையம் தொடங்கவே இல்லை. ஆக, 1699 கோடையின் முடிவுக்கும் 1700 வசந்தத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் மரங்கள் செத்திருக்கின்றன.

நாளும் மணியும் ஜப்பானிலிருந்து கிடைத்தன. கெங்ரோக்கு 12ஆம் ஆண்டு 12ஆம் மாதம் 8ஆம் நாள், அதாவது 1700 ஜனவரி 27 நள்ளிரவில், ஜப்பானின் கிழக்குக் கரையில் கடல் பொங்கியதாக ஊர்க் கணக்குகளில் பதிவு உண்டு. குவகசாகி என்ற ஊரில் 13 வீடுகளை அலை அழித்தது. அப்போது மூண்ட தீயில் 20 வீடுகள் எரிந்தன. எந்த நிலநடுக்கமும் உணரப்படாமல் வந்த அலை என்பதால் பின்னாளில் இதை அனாதை ஆழிப்பேரலை என்றனர். 1996இல் கென்ஜி சதாகேயும் உடன் ஆய்வாளர்களும் இதன் தாய் காஸ்கேடியாவே என்று காட்டினர்.

கணக்கை நீங்களே போடலாம். ஜப்பான் நேரம் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தைவிட 17 மணி முன்னால் உள்ளது. எனவே ஜப்பானில் 27ஆம் நாள் நள்ளிரவு என்றால் அங்கே 27ஆம் நாள் காலை 7 மணி. அலை பசிபிக்கைக் கடக்க ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும். அதைக் கழித்தால் 26ஆம் நாள் இரவு 9 மணி. மர வளையம் காட்டிய பருவத்துக்குள் இது சரியாகப் பொருந்துகிறது.

கரையில் எழுத்து இல்லை என்றேனே தவிர, மனிதர் இல்லை என்று சொல்லவில்லை. வான்கூவர் தீவின் ஹூ-ஆய்-ஆட் மக்களிடையே, இரவில் நிலம் அதிர்ந்து, பச்சீனா விரிகுடாவில் இருந்த ஊர் முழுதும் கடலில் போன செய்தி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது. ஆய்வாளர்கள் அதற்குக் காதுகொடுக்கத் தாமதமாயிற்று என்பதே என் கருத்து.

முன்னும் பின்னும்

சேற்றில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல புல்வெளிகள் புதைந்துள்ளன. ஆழ்கடலில் சரிந்து படிந்த வண்டல் அடுக்குகளைக் கொண்டு, கடந்த 10,000 ஆண்டுகளில் மண்டலம் முழுவதும் பிளந்த நிலநடுக்கங்கள் 19 என்று மதிப்பிட்டுள்ளனர். சராசரி 500 ஆண்டுகளுக்குச் சற்று மேல். இந்தச் சராசரியைப் பேருந்து நேர அட்டவணைபோல் படிக்கக் கூடாது. இடைவெளி சில நூற்றாண்டுகளாகவும் இருந்திருக்கிறது, ஆயிரம் ஆண்டுகளை நெருங்கியும் இருந்திருக்கிறது.

இன்று அப்பகுதியின் கட்டட விதிகள் மாறியுள்ளன. வாஷிங்டன் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் 2016இல் திறக்கப்பட்ட ஒகோஸ்டா தொடக்கப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்து மொட்டைமாடி, ஆழிப்பேரலையின்போது மாணவரும் ஊராரும் ஏறி நிற்பதற்காகவே உறுதியாகக் கட்டப்பட்டது.

2004 டிசம்பர் 26இல் சுமத்ரா அருகே 1,300 கி.மீ. நீளத்துக்குத் தட்டெல்லை பிளந்ததும் இதே வகை நிகழ்வுதான், அளவு 9.1. இரண்டு மணி நேரத்துக்குப் பின் நாகப்பட்டினக் கரையை அலை அடைந்தபோது, அப்படி ஒன்று முன்பு வந்ததற்கான நினைவு நம்மிடம் இல்லை. ஆனால் மணலில் இருந்தது. தாய்லாந்தின் பிரா தோங் தீவில் தாழ்வான புல்வெளிகளைத் தோண்டியவர்கள், 2004இன் மணலுக்குக் கீழே அதேபோன்ற இன்னொரு மணலடுக்கைக் கண்டனர். அது 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முற்பட்டது. 2008இல் அதை வெளியிட்ட ஆய்வுக் குழுவில் அட்வாட்டரும் ஒருவர்.