முதல் கேம் கம்ப்யூட்டர்: எதை வாங்கணும், எதைத் தள்ளிப் போடணும்?



எங்க வீட்டில் அடுத்த மாதம் சீட்டுப் பணம் வருகிறது. அதில் கம்ப்யூட்டருக்கு 45 ஆயிரம், மேல ஒரு ரூபாய்கூட கிடையாது என்று அப்பா சொல்லிட்டார். அக்காவுக்குக் கல்லூரி புராஜெக்ட் செய்யணும், எனக்கு கேம் விளையாடணும். மானிட்டர் சித்தப்பா வீட்டில் சும்மா கிடக்கிறது, அது போதும். கடை கடையாக விசாரித்து நான் தெரிஞ்சுக்கிட்டதை எழுதுகிறேன்.

முதல்ல ஒரு கணக்கு. முழு எச்.டி. திரையில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. விநாடிக்கு 60 படம் வேணும்னா, 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு ஒவ்வொரு விநாடியும் நிறம் போடணும்! அந்த வேலை கிராபிக்ஸ் சிப்புடையது. "ஐ7 போட்டா எல்லா கேமும் ஓடும்" என்று நம்ம வகுப்பில் சிலர் சொல்றாங்க. நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் ஐ7-ம் புது கேமில் திணறத்தான் செய்யும்.

ஆனால் என் பணத்தில் நல்ல கார்டும் சேர்த்து வாங்கினால் மற்றதெல்லாம் மட்டமாகிவிடும். அதனால் கார்டை ஒரு வருஷம் தள்ளிப் போடுவது என்று முடிவு செய்தேன். அதுவரை பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். நான் எழுதி வைத்திருப்பது ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி. 2021-ல் வந்தது, 6 கோர், 12 திரெட். வேலரன்ட், மைன்கிராப்ட் மாதிரி கேம்கள் தரத்தைக் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடும். கடைசியில் வரும் 'ஜி' ரொம்ப முக்கியம். வெறும் 5600-ல் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் ஒன்றுமே வராது. இன்டெல்லில் 'எஃப்' என்று முடிவதும் அப்படித்தான். 5600ஜி-யில் ஒரு குறையும் இருக்கு: 5600-க்கு எல்3 கேஷ் 32 எம்.பி., இதற்கு 16 தான். நாளைக்கு கார்டு போட்டாலும் கொஞ்சம் பின்தங்கும். பரவாயில்லை, அக்கா வேலை இன்னைக்கே நடக்கணுமே.

உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமில்தான் பங்கு எடுக்கும். ஆகவே ஒரே 16 ஜி.பி.யாக வாங்காமல் 8 ஜி.பி. இரண்டாக வாங்கணும். டி.டி.ஆர்.4 3200 ராம் ஒன்று விநாடிக்கு 25.6 ஜி.பி. கொடுக்கும், ஜோடியாகப் போட்டால் 51.2. கேமில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியதால், பழைய விலையை நம்பாமல் வாங்குகிற அன்றைக்குக் கேட்பது நல்லது.

மதர்போர்டு ஏஎம்4 சாக்கெட் உள்ளது, எஸ்.எஸ்.டி. 500 ஜி.பி. இதில் பெரிய யோசனை வேண்டாம்.

யோசிக்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.! 230 வோல்ட் கரண்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி எல்லாப் பாகத்துக்கும் கொடுப்பது இதுதான். கேபினட்டோடு சேர்த்துத் தரும் மலிவானது கெட்டால், சில சமயம் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். '80 பிளஸ்' முத்திரை உள்ள 550 வாட் வாங்கப் போகிறேன். பிறகு ஆர்.எக்ஸ். 6600 மாதிரி கார்டு போட்டால் அதற்கு 132 வாட், பிராசஸருக்கு 65 வாட்; தாராளமாகத் தாங்கும். கார்டுக்கான 8 பின் வயர் இருக்கா என்றும் பார்க்கணும்.

பெரியப்பா பையன் கண்ணாடி கேபினட், கலர் லைட்டு வாங்கச் சொல்றான். லைட்டு வேணும்னா தீபாவளிக்கு சீரியல் செட் போட்டுக்கலாம். அந்தக் காசு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் போகட்டும்.

வாங்குவதற்கு முன்னாடி வீட்டு பிளக்கில் எர்த் சரியா இருக்கா என்று எலக்ட்ரீஷியன் அண்ணனைப் பார்க்கச் சொல்லியிருக்கேன். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டைத் தொட்டாலே சுருக்கென்று இருக்கும்.

— 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு