கவணேறிய கண்கள்

மட்டக்குளி காக்கைத்தீவுக் கரையில் நின்று கடலைப் பார்ப்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ நாலரைக் கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அதற்கப்பால் பூமியின் வளைவு கடலை மறைத்துவிடுகிறது. கப்பலில் 25 மீற்றர் உயரம் ஏறினால் அந்தத் தூரம் 18 கிலோமீற்றர். தெளிந்த வானில் 1000 மீற்றர் உயரத்திலிருந்து பார்த்தாலோ 113 கிலோமீற்றர்! தூரம் ஆறு மடங்கே கூடினாலும், பார்வைக்குள் வரும் கடற்பரப்பு நாற்பது மடங்காகிறது.

ராடார் பரவாத காலம் அது. இரு உலகப் போர்களுக்கும் இடையில் கடற்படைகள் குரூசர் கப்பல்களில் விமானங்களை ஏற்றியது இந்த நாற்பது மடங்குக்காகத்தான். அவற்றுள் ஒன்று, ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செலின் சூப்பர்மரீன் வால்ரஸ். 1933இல் முதன்முதல் பறந்த இந்த விமானத்துக்கு உடலே படகு. நீர்த்திவலை படாதபடி இயந்திரம் உயரே, இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில் இருந்தது.

குரூசரில் ஓடுபாதைக்கு இடமில்லை. ஆகவே கவண்பொறி ஒன்று வெடிமருந்தின் வாயு அழுத்தத்தால் விமானத்தைத் தள்ளும்; குறுகிய தண்டவாளத்திலேயே அது பறக்கும் வேகத்தை எட்டிவிடும். திரும்பி வருவதுதான் கடினம். கப்பல் வளைந்து திரும்பி அலையைத் தணிக்கும். அந்த நீரில் விமானம் இறங்கும். ஆடும் மேலிறக்கையில் ஒருவர் ஏறி நின்று பாரந்தூக்கியின் கொக்கியை மாட்டுவார்.

1941 மே 8. நோர்வே வணிகக் கப்பல்போல வேடமிட்டு இந்து சமுத்திரத்தில் திரிந்த ஜெர்மன் கப்பல் பிங்குவினை, பிரித்தானியக் குரூசர் கார்ன்வாலின் வால்ரஸ் கண்டுபிடித்தது. கார்ன்வால் அதை மூழ்கடித்தது.

பதினொரு மாதங்களில் நிலைமை தலைகீழானது. ஜப்பானியக் கடற்படை இலங்கையை நெருங்கவே, கார்ன்வாலும் இன்னொரு பிரித்தானியக் குரூசரான டோர்செட்சயரும் 1942 ஏப்ரல் 4 இரவு கொழும்பைவிட்டுப் புறப்பட்டன. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையில் கொழும்பில் குண்டுகள் விழுந்தன. ஜப்பானியக் குரூசர் தோனேயிலிருந்து ஏவப்பட்ட மிதவை விமானம் இரு கப்பல்களையும் கடலில் கண்டு செய்தி அனுப்பியது. பிற்பகலில் குண்டுவீச்சு விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. 424 பேர் மாண்டார்கள். ஒரு நாளுக்கு மேல் கடலில் தத்தளித்த 1122 பேர் மீட்கப்பட்டார்கள்.

பின்னர் ராடார் தேடும் வேலையை ஏற்றது. கப்பல்களிலிருந்து கவண்பொறிகள் கழற்றப்பட்டன. ஆனாலும் வால்ரஸுக்கு வேலை இருந்தது. தாழப் பறந்து, மெதுவாகத் தேடி, நீரிலேயே இறங்கக்கூடிய விமானம் அது. கடலில் விழுந்த விமானிகளைத் தூக்கிவர அதையே அனுப்பினார்கள்.